இறக்கிக் கட்டிய மடிக்கொடி

ரெங்கநாயகிக்குக் குச்சி எட்டவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டுக் கூடத்தில், யார் கையும் படாத உயரத்தில் கயிறு கட்டி மூங்கில் கொடி ஒன்று தொங்கும். மடிப்புடவையை அதில் உலர்த்தி, மறுநாள் குளித்துவிட்டுக் குச்சியால் தள்ளி எடுப்பது அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம். அன்று குச்சி நுனி புடவையைத் தொடாமல் காற்றைத் துழாவியது. எம்பினாள். முதுகில் சுளீரென்று ஒரு வலி.

"ஏன்னா, கொடியை ஏத்திக் கட்டினேளா?"

சேஷு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். வைத்தியம் உட்பட அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது.

"கயிறு உலர்ந்து மேலே இழுத்திண்டிருக்கும்" என்று கண்டுபிடித்தார். சாயங்காலமே ஆளைக் கூப்பிட்டு மூன்று விரற்கடை இறக்கிக் கட்டச் சொன்னார். பெண்டாட்டி குள்ளமாகிவிட்டாளோ என்று அந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.

ஏழு வருஷமாக அவளுக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். டாக்டர் எழுதிய மாத்திரையை, "ஈரலைத் தின்னுடும்" என்று சேஷு நிறுத்தினார். தொட்டியம் பக்கம் யாரோ ஒரு வைத்தியரிடம் பேர் போடாத பொட்டலத்தில் சூரணம் வாங்கி வந்தார். மூன்றே நாளில் வலி பறந்தது. கூடவே பத்தியம் வேறு. பாலும் தயிரும் வாயு, வெயில் ஆகாது, நடந்தால் மூட்டு தேயும். அவள் கன்னம் உப்பி முகம் உருண்டபோது, "எப்படித் தேறிட்டா பார்த்தேளா!" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். கையும் காலும் இளைத்துப் போனது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவளும்தான் நம்பினாள். அதை நினைத்துத்தான் பின்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரமாகியும் முதுகுவலி விடவில்லை. திருச்சியில் டாக்டர் இன்ஷாவிடம் போனார்கள். அவர் முதலில் உயரத்தை அளந்தார்.

"பழைய சீட்டுல அஞ்சடி ரெண்டு அங்குலம்னு இருக்கு. இப்ப அஞ்சடிதாம்மா இருக்கீங்க."

"மெஷின் கோளாறா இருக்கும்" என்றார் சேஷு.

டாக்டர் அவரைக் கண்டுகொள்ளாமல் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்தார். "முதுகெலும்பு ரெண்டு இடத்துல நசுங்கியிருக்கு. இந்த நோயே எலும்பைக் கரைக்கும். மாதவிடாய் நின்னா இன்னும் வேகமா கரையும். அதோட ஸ்டீராய்டும் சேர்ந்தா கேக்கவே வேணாம்."

"ஸ்டீராய்டா? நாங்க தொட்டதே இல்லை. சுத்த மூலிகை!"

ரெங்கநாயகி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, பத்தியத்தையும் சொன்னாள்.

"முகம் உப்பியிருக்கறதைப் பார்த்தா இதுல கலந்திருக்காங்கன்னுதான் தோணுது. டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். சட்டுனு நிறுத்தறது ஆபத்து. அளவு தெரிஞ்ச மாத்திரையா தரேன், கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். பால், தயிர் சாப்பிடுங்க, வெயில் படட்டும். இதையெல்லாம் யாரு வேணாம்னு சொன்னது?"

ரெங்கநாயகி சேஷுவைப் பார்த்தாள். சேஷு சுவர்க் காலண்டரில் ஏகாதசி தேடினார்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார். "உங்களுக்குப் பொண்ணு இருந்தா சொல்லி வைங்கம்மா. விரல்ல இறுக்கம்னு சொன்னா உடனே கூட்டிட்டு வாங்க. ஆரம்பத்துலயே பார்த்தா எலும்பைக் காப்பாத்திடலாம்."

காவேரிப் பாலம் தாண்டும்வரை ஆட்டோவில், "எல்லாம் கமிஷன்" என்று சேஷு புலம்பிக்கொண்டே வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜாஹ்னவி, போனில் விரல் வலிக்கிறது என்று எப்போதோ சொன்னது ரெங்கநாயகிக்கு நினைவு வந்தது; வீட்டுக்கு வந்ததும் அவளைக் கிளம்பி வரச் சொன்னாள்.

சனிக்கிழமை ஜாஹ்னவி வந்தாள். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"காலம்பற விரலே மடங்க மாட்டேங்கறதும்மா. ரெண்டு மாசமாச்சு."

சேஷுவின் முகம் பிரகாசமாகிவிட்டது. பீரோவைத் திறந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். "இதுக்கா பயப்படறே? மூணே நாள். அம்மாவையே கேளு."

ஜாஹ்னவி கையை நீட்டிவிட்டாள்.

முதுகைப் பிடித்துக்கொண்டு ரெங்கநாயகி எழுந்தாள். மகளின் தோளைப் பற்றிக் கொடிக்கு நேர் கீழே நிறுத்தினாள்.

"நன்னா பார்த்துக்கோங்கோ. இவளுக்கு எத்தனை விரற்கடை இறக்கிக் கட்டப் போறேள்?"

சேஷு கொடியைப் பார்த்தார். மகளின் தலையைப் பார்த்தார். பக்கத்தில், மகளின் நெற்றியளவுக்கு வந்து நின்ற மனைவியின் தலையையும் பார்த்தார். முன்பு இருவரும் ஒரே உயரம். பொட்டலம் நீட்டிய கை அப்படியே நின்றது.

ரெங்கநாயகி அதைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

"திங்கட்கிழமை நாங்க ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம். நீங்க வர வேண்டாம். ஆத்துலயே இருந்து கயிறு உலர்ந்திருக்கான்னு பார்த்துண்டிருங்கோ."