நிமோனியா இறக்கிய கொழுப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தவர், கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த கொலஸ்ட்ரால், சத்தமில்லாமல் இறங்கியிருந்தது.

இந்த விஷயத்தில் அவருக்கும் சகலைக்கும் நீண்ட நாள் மனஸ்தாபம். சகலை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விருந்தில் எல்லார் முன்னாலும், "அண்ணே, முட்டையில மஞ்சளை ஒதுக்கிடுங்க" என்பார். அவருடைய கொலஸ்ட்ரால் எப்போதும் அளவோடு இருக்கும், பேச்சுதான் அளவோடு இருக்காது.

மெக்கானிக் ரிப்போர்ட்டைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே, "சகலையின் மேலான பார்வைக்கு" என்று எழுதினார்.

சாயங்காலம் சகலை நேரிலேயே வந்துவிட்டார். "வேற யாரோட ரிப்போர்ட்டாவது மாறி வந்திருக்கும்."

"பேரைப் படிங்க. நான்தானே அது?"

"எல்லாம் என் ஓட்ஸ்தான்" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

அந்த ஓட்ஸைப் பக்கத்து வீட்டு நாய்தான் சாப்பிட்டுவந்தது என்ற உண்மையை மெக்கானிக் இருமலோடு சேர்த்து விழுங்கினார்.

அந்த நேரம் டாக்டரம்மா வந்தார். "டாக்டர், வீட்டுக்குப் போனதும் வெண்ணெய் சாப்பிடலாமில்ல?" என்று கேட்டார் மெக்கானிக்.

"இது நீங்க குறைச்சதில்லைங்க. கிருமி உள்ள போனா கொலஸ்ட்ரால் இப்படி இறங்கும். கீழ பாருங்க, ட்ரைகிளிசரைடுன்னு இன்னொரு கொழுப்பு, அது ஏறியிருக்கு. சர்க்கரையும் கொஞ்சம் ஏறியிருக்கு. குணமாகி ரெண்டு மாசம் போகட்டும். அப்பப் பார்த்தாத்தான் உங்க நிஜ அளவு தெரியும்."

"அப்ப என் ஓட்ஸ்?" என்றாள் மனைவி.

"அது நல்லதுதாம்மா. சாப்பிடட்டும்."

சகலையின் முகம் மலர்ந்தது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பி, "மனசைத் தளர விடாதீங்கண்ணே" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

"நீங்க ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிறது கண்ணாடியில தெரியுது" என்றார் மெக்கானிக்.

"ரத்தத்துல குறைஞ்சதெல்லாம் வாயில ஏறியிருக்கு இவருக்கு" என்றாள் மனைவி.

குணமான பிறகு எடுத்த பரிசோதனையில் கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. இந்த முறை படத்தைக் குழுவில் போட்டது மனைவி. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெக்கானிக் ஓட்ஸும் சாப்பிட்டார். கிண்ணம் காலியாகும்வரை மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சில மாதங்களில் கொலஸ்ட்ரால் நிஜமாகவே இறங்கியது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மெக்கானிக் பெருமையோடு ரிப்போர்ட்டைக் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். யாரும் எதுவும் எழுதவில்லை. சகலை மட்டும் போன் செய்தார்.

"அண்ணே, திரும்பவும் நெஞ்சுல சளியா? மூச்சு விட முடியுதா?"

கேலி என்று நினைத்துத் திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். சகலையின் குரல் நடுங்கியது.

"நல்லாத்தான் இருக்கேன், சகலை."

"எதுக்கும் நான் வந்து ஒரு தடவை பார்த்துடறேன்" என்று அவர் கிளம்பிவிட்டார்.