மை வேர்த்தவரின் மனைவி

சலவைக்கடைக்காரியின் கணவருக்கு நாற்பத்தாறாவது வயதில், கோடை தொடங்கிய வாரத்தில், வியர்வைக்குப் பதிலாக மை வேர்க்கத் தொடங்கியது. முதல் நாள் தலையணை உறையில் ஒரு நீலக் காது பதிந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனாக்கள் இருக்கும், அவற்றில் ஒன்றாவது கசியும். பேனாவோடு படுத்துவிட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டு உறையை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டாள். மறுநாள் பனியனின் முதுகு முழுக்க நீலம். முதுகில் யாரும் பேனா வைத்துக்கொள்வதில்லை என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தம் சிவப்பாகத்தான் இருந்தது. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, இனிப்பைக் குறைக்க வேண்டும், மை விஷயத்தில் வெளிர்நிறச் சட்டைகளைத் தவிர்ப்பது நல்லது என்றார்கள். மருந்துச்சீட்டு எழுதும்போது டாக்டரின் பேனா பாதியில் தீர்ந்துபோயிற்று. அது பால்பாயிண்ட் என்பதால் இவரால் உதவ முடியவில்லை.

மையைவிட அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியவை ஞாயிற்றுக்கிழமைகள். கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில் ஒவ்வொரு ஞாயிறும் பேனாக்காரர்கள் கூடினார்கள்: ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற பூகோள டீச்சர், பார்க்கிற நிப்பையெல்லாம் தேய்த்துச் சரிபண்ணுவதால் ‘உரசல்’ என்று பெயர் வாங்கிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பேனாக்களைத் துணிச்சுருளில் கொண்டுவந்து மேசைமேல் விரிப்பார்கள். ஒருவர் பேனாவை இன்னொருவர் வாங்கி, நிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இரண்டு வரி எழுதி, தண்ணீராகப் பாய்கிறது என்றோ கொஞ்சம் வறட்சி என்றோ தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். இவர்களில் ஒருவருக்கும் எழுதுவதற்கென்று எதுவும் கிடையாது என்பதை அவள் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள். எழுதியதெல்லாம் சொந்தப் பெயர், தேதி, பேனாவின் பெயர். மாலை முழுதும் அதையே எழுதிவிட்டு, ஆளுக்கு இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டு, நிப்பு கழுவிய தண்ணீரை அவள் கஞ்சி கரைக்கும் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

அவருக்கு மை வேர்க்கிறது என்று தெரிந்த ஞாயிறன்று, உடம்புக்கு என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உரசல் அவர் நெற்றியில் நிப்பைத் தொட்டு எழுதிப் பார்த்து, தாளில் பரவவில்லை, பின்பக்கம் ஊறவுமில்லை என்றார். டீச்சர், காய்வதற்கு நேரம் எடுக்கிறது, ஆனால் எழுத்தின் வளைவுகளில் நிறம் அழகாகத் தேங்குகிறது என்றார். பல் டாக்டர் அடுத்த வாரம் ஊசி இல்லாத சிரிஞ்சுடன் வந்தார். எப்போதும் ஒரே நிறம் வருவதில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மாடிப்படி ஏறி இறங்கினால் வெளிர்நீலம், காய்ச்சலில் செங்கல் நிறம், அச்சக முதலாளி போனில் கூப்பிட்டால் ஊதா. மழைக்காலத்தில் வரத்து குறைந்தபோது, அவரைக் கம்பளி போர்த்தி இஸ்திரி அறையில் உட்காரவைக்க முடியுமா என்று பல் டாக்டர் அவளிடம் கேட்டார். அவள் இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் வைத்த வைப்பிலேயே டாக்டர் மாடிக்குத் திரும்பிவிட்டார்.

அவளுக்குப் பிழைப்பே வெள்ளைத் துணி. ஒரு நர்சிங் ஹோமின் படுக்கை விரிப்புகளும் இரண்டு ஓட்டல்களின் மேசை விரிப்புகளும் அவள் கடைக்குத்தான் வந்தன. அச்சகத்திலிருந்து திரும்பியதும் அவற்றை மடித்துக் கட்டிக் கொடுப்பது கணவரின் வழக்கம். இப்போது மடித்த இடத்திலெல்லாம் ஐந்து விரலும் பதிந்தன. கையுறை போட்டுப் பார்த்தார். கையுறை நிரம்பி மணிக்கட்டு வழியாக வழிந்தது. நர்சிங் ஹோமிலிருந்து ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்தது, இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்ற செய்தியுடன். அன்றைக்கு அவள், இனிமேல் கடைக்குள் கால் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார். எதற்கும் சரி என்கிற மனிதர். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான். பிறகு படுக்கையும் தனியாயிற்று. அவருக்குக் கறுப்பு விரிப்பு, கறுப்புத் தலையணை, உட்காரத் தனி நாற்காலி. அவர்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் பேசிய பேச்சைச் சேர்த்துப் பார்த்தால், அதில் முக்கால்வாசி எதைத் தொடாதீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.

மூன்றாம் வருஷம் அவருடைய அக்கா இறந்துபோனார். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்த அக்கா. போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் அதன்மேல் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் அவர் அங்கே அழவே இல்லை. ஊர் திரும்பி, துக்கம் விசாரிக்க வந்த பேனாக்காரர்களைக் கண்டதும் உடைந்துபோனார். கண்ணீரும் மையாகத்தான் வந்தது, அப்படி ஒரு நிறத்தை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. கரும்பச்சை, காய்ந்தபின் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் ஓரங்களில் செம்பு மினுங்கியது. டீச்சர் கைக்குட்டையை நீட்டினார். பல் டாக்டர் புட்டியை நீட்டினார். அந்த மையால் வெறும் பெயரையும் தேதியையும் எழுதினால்கூடப் படிக்கிறவர்கள் ஒரு கணம் நின்று படித்தார்கள். வெளியூர்ப் பேனாக்காரர்கள் ஒரு பேனாவை நிரப்பும் அளவுக்காவது மை கிடைக்குமா என்று கேட்டுக் கடைக்குப் போன் பண்ணினார்கள். துவைக்கிற துணி உண்டா என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

துக்கம் மெல்ல அடங்கியது, புட்டியும் காலியாயிற்று. அதன்பிறகு பல் டாக்டர் ஞாயிறுதோறும் அக்காவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். அந்தப் பேச்சு வற்றியதும் பழைய போட்டோக்களைக் கேட்டார். போட்டோக்களும் பழகிப்போன பிறகு கெட்ட செய்திகள் கொண்டுவந்தார். மேலே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வாரக் கடைசியில் கைக்குட்டைகள் பச்சையாக வருவதை மட்டும் கண்டு, இதற்கும் சேர்த்துத் தான்தான் சாக வேண்டும் என்று முனகிக்கொண்டே ஊறவைத்தாள்.

ஒரு ஞாயிறு அவள் டீத்தட்டோடு மாடி ஏறியபோது, அச்சகத்தில் இனிமேல் கம்ப்யூட்டரே பிழை திருத்தப்போகிறதாம், ஆளை நிறுத்தப்போகிறார்களாம் என்று பல் டாக்டர் வருத்தமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இடது கன்னத்தில் உரசலின் சிரிஞ்சு, வலது கன்னத்தில் டாக்டரின் சிரிஞ்சு. டீச்சர் புட்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார். அழுகிறவர் தோளில் வைக்க அந்த அறையில் ஒரு கை மிச்சமில்லை.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னது டாக்டர் உங்களுக்கு?”

எங்கேயோ காதில் விழுந்தது என்றார் அவர். அச்சக முதலாளி அன்று காலைதான் சட்டைகளை வாங்க வந்து, உங்க வீட்டுக்காரர் பார்க்காமல் ஒரு விசிட்டிங் கார்டுகூட அச்சேறாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை அவள் சொன்னதும் உரசல் சிரிஞ்சைக் கீழே இறக்கினார். டாக்டர் மட்டும் தன்னுடையதை எடுக்கவில்லை, பாதிதான் நிரம்பியிருந்தது.

“எனக்குத் தெரியும்,” என்றார் கணவர். “பொய்னு தெரியும். போன வாரம் சொன்னதும் பொய்தான்.”

“தெரிஞ்சேதான் அழுதீங்களா?”

ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே காலம் போய்விட்டது என்றும், தன்னிடமிருந்து வருவதைக் கொண்டு நாலு பேர் எழுதுகிறார்கள் என்பது இப்போதுதான் என்றும் அவர் சொன்னார். அழுகை எப்படியும் உள்ளே கிடக்கிறது, பொய் சொல்லியாவது யாரோ திறந்துவிடுகிறார்களே என்றார்.

“அழணும்னா என்கிட்ட வந்து அழுதா என்ன?”

“உன்கிட்டயா?” என்றார் அவர், கோபமே இல்லாமல். “துணி வீணாப்போகும்னு திட்டுவ.”

அது உண்மைதான். மூன்று வருஷத்துக் கோபத்தையும் யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல், யாரும் வாய் வைக்காத டீயைத் தட்டோடு திருப்பி எடுத்துக்கொண்டு, மூன்று பேரையும் இறங்கிப் போகச் சொன்னாள். படியில் டாக்டர், நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாதும்மா என்று ஆரம்பித்தார். சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் கதவைச் சாத்தினாள். அன்றிரவு கணவரின் கறுப்புத் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் முன்பு இருவரும் படுத்த கட்டிலில் போட்டாள்.

மறுநாள் அவர் அச்சகத்திலிருந்து வந்ததும் படிக்கு அடியில் நின்று கூப்பிட்டாள். அவர் கடைவாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார். அவள் மறுபடி இஸ்திரி போடத் தொடங்கினாள். அக்கா கடைசியாக அவரிடம் என்ன பேசினார் என்று கேட்டாள். இத்தனை நாளில் அதை அவள் கேட்டதே இல்லை. அக்கா போனில் பேசினாள், கையெல்லாம் நீலமாமே என்றாள், சின்ன வயசிலேயே நீ அப்படித்தான், தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாலும் உனக்கு அழுக்குப் போகாது என்று சிரித்தாள் என்று சொல்லும்போதே அவர் கன்னத்தில் கரும்பச்சை வழிந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அழுங்க,” என்றாள். “ஆனா இந்தப் பக்கம் திரும்பி அழுங்க. அது நர்சிங் ஹோம் துணி.”

பேனாக்காரர்கள் சில மாதம் டீச்சரின் வீட்டில் கூடிப் பார்த்தார்கள். அங்கே டீ சுமார் என்பதால் திரும்பி வந்தார்கள். தானாக வருகிறதை எடுத்துக்கொள்ளலாம், செய்தி எதுவும் கொண்டுவரக் கூடாது, பல் டாக்டர் முதலில் சௌக்கியமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். கணவரின் பதில்கள் நீளமானவை என்று தெரியவந்ததால், டாக்டர் புட்டியைத் திறப்பதற்குள் பெரும்பாலும் இருட்டிவிடும். கஞ்சிக் கிண்ணத்தில் நிப்பு கழுவுவதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. கடையில் வெள்ளைத் துணி ஒரு சுவரோரமும் அவர் மறு சுவரோரமும் என்று ஆயிற்று. கோடையில் தெருச் சாக்கடை நீலமாக ஓடினால், அவர் மாடிப்படி ஏறியிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் தெரிந்துகொண்டார்கள். புதிதாக வந்தவர்கள் சுவரில் பதிந்திருக்கும் கைகளைப் பார்த்து என்னவென்று கேட்டால், வீட்டுக்காரருக்கு மை வேர்க்கும் என்று சொல்லிவிட்டு, துணி அவசரமா, நாளை மறுநாள் கொடுத்தால் போதுமா என்று கேட்பாள்.