பாலும் அறுகும் கெரட்டினும்

கூந்தலுள்ள சீமாட்டி கொண்டையும் போடுவாள், அள்ளியும் முடிவாள் என்று சொல்லிவைத்தவர் யாராக இருந்தாலும், அவர் திருகோணமலைப் பக்கம் வந்தவரில்லை. வந்திருந்தால் பூரணியின் தலையைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்.

அவளுக்குக் கூந்தல் இருந்தது. மூன்று பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு இருந்தது. ஆனால் கொண்டையும் நிற்காது, அள்ளினால் கைக்குள்ளும் அடங்காது. எண்ணெய் வைத்துப் படிய வாரி வீதியில் இறங்கினால், துறைமுகத்து உப்புக்காற்றுப் பட்டு, பத்து மணிக்குள் பொங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பின்னால் இருந்தவள் கரும்பலகை தெரியவில்லை என்று முறையிட, ரீச்சர் பூரணியைக் கடைசி வாங்குக்கு அனுப்பினார். கடைசி வாங்கில் இருந்தே அவள் எட்டுப் பாடத்தில் ஏ எடுத்தாள். அப்படியும் ஊரில் அவளுக்குப் 'பரட்டை' என்றுதான் பெயர்.

வெந்தயம், செவ்வரத்தம்பூ, கற்றாழை, முட்டை வெள்ளை என்று குசினியில் இருந்த பாதிச் சாமான் அந்தத் தலையில் ஏறி இறங்கியது. எத்தனையோ சீப்புகள் பல்லுடைந்து செத்தன. முப்பத்தொரு வயதில், கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் நல்ல வேலையில் இருந்த காலத்திலும், தினமும் காலையில் அரை மணித்தியாலம் கண்ணாடிக்கு முன்னால் மல்லுக்கட்டித்தான் வெளியே போனாள்.

அப்போதுதான் கப்பல்துறை ஊர்க்காரர் இராகுலனுடன் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளைக்குத் தலை ஒரு பிரச்சினையே இல்லை. அவருடைய அக்கா பிரியதர்சினிக்குத்தான் பிரச்சினை. வெள்ளவத்தையில் இருந்து வந்த அந்த மச்சாளின் முடி, இஸ்திரி போட்ட சீலை மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கும்.

"கலியாண அல்பம் காலத்துக்கும் இருக்கும், பூரணி. கெரட்டின் போட்டீரெண்டால் நேராகிவிடும். உம்மட நல்லதுக்குத்தான் சொல்லுறன்" என்றாள், கூடம் நிறைந்த சபைக்கு முன்னால்.

அவள் அன்பாகச் சொன்னதுதான் பூரணிக்குக் கூடுதலாக எரிந்தது. ஆனாலும் ஓம் என்றாள். உண்மையில் அவளுக்கும் ஆசைதான். வாழ்க்கையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் தலையைப் பற்றி எவரும் ஒரு கதையும் கதைக்காமல் நாலு பேருக்கு முன்னால் இருந்து எழும்ப வேண்டும். அந்த நாள் கலியாண நாளாக இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை கலியாணம். புதன்கிழமை, மணப்பெண் அலங்காரம் செய்யும் சுஹைராவின் கடையில் நாலு மணித்தியாலம் இருந்தாள். மருந்து பூசி, காயவைத்து, சூட்டுக் கருவியால் இழுத்து இழுத்து, கடைசியில் சுஹைரா கண்ணாடியைத் திருப்பியபோது பூரணிக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது.

"மூணு நாளைக்குத் தலையில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடா அக்கா. பட்டா மருந்தெல்லாம் கழண்டு போயிடும். வெள்ளிக்கிழமை நான் வந்து பின்னி விடுறன்" என்றாள் சுஹைரா.

பூரணி இதை அம்மாவிடம் மூன்று தரம் சொன்னாள். அம்மாவும் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக் காவல் காத்தாள். கிணற்றடிக்குப் போகும் மகளுக்குக் குடை பிடித்தாள். எல்லாம் வெள்ளிக்கிழமை விடியும் வரைக்கும்தான்.

விடிந்ததும் பூரணியைப் பலகையில் கிழக்குப் பார்க்க இருத்தினார்கள். முன்னால் ஒரு பாத்திரம். அதற்குள் பால், அறுகம்புல், சில்லறைக் காசு. கலியாணம் முடித்தவர்கள் சோடி சோடியாக வந்து பாலும் அறுகும் எடுத்து மூன்று தரம் தலையில் வைப்பார்கள். பிறகு தலையில் குடம் குடமாக ஊற்றித் தோய வார்ப்பார்கள். பூரணி சட்டென்று தலையில் கை வைத்தாள். இத்தனை கலியாணத்தில் பால் வைத்ததைப் பார்த்தவளுக்கு, தன் தலைக்கும் அது வருமென்று அதுவரை நினைவே வரவில்லை.

"அம்மா, தலையில தண்ணி படக்கூடாதெல்லே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"சடங்குக்கு வாக்கிற தண்ணியும் தண்ணியே, பிள்ளை? அது கடவுள் காரியம். ஒண்டும் செய்யாது" என்றாள் அம்மா.

அம்மாவின் கணக்கில் குளிக்கிற தண்ணீர் வேறு, சடங்குத் தண்ணீர் வேறு. சபைக்கு நடுவில் மணப்பெண் குரலை உயர்த்தினால் அபசகுனம். பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது சோடிகள் பால் வைத்தார்கள். மூன்று குடம் தண்ணீர் விழுந்தது. பால் மணக்கும் என்று பெரியம்மா ஷாம்பூவும் போட்டு, மனச்சாட்சியோடு அழுத்தித் தேய்த்தாள்.

சுஹைரா வந்தபோது அந்தத் தலை காய்ந்து எழும்பத் தொடங்கியிருந்தது.

"அல்லாஹ்வே, ஆரு இதில தண்ணி ஊத்தின?"

ட்ரையரைப் பிடித்தாள். தலை இன்னும் இரண்டு மடங்கு எழும்பியது. முகூர்த்தத்துக்கு இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. வாசலில் நின்ற அம்மா பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ மண்டபத்துக்கு ஃபோன் போட்டார்கள். மச்சாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அழ வேண்டாமெண்டு சொல்லுங்கோ. எல்லாத்தையும் உள்ளுக்குச் சுருட்டி ஒளிச்சுப்போட்டு, மேலால சவுரி முடியை வைச்சு மூடச் சொல்லுங்கோ."

சுஹைரா பையில் இருந்து சவுரியை எடுத்தாள். யாரோ ஒருத்தியின் முடி, நேராக, உயிரில்லாமல் தொங்கியது. அதைப் பார்த்ததும் பூரணிக்கு அழுகை நின்று கோபம் வந்தது. ஒளித்து, மூடி, அடக்கி! பிறந்த நாள் தொட்டு எல்லோரும் இதைத்தானே சொன்னார்கள். அவளும் இதைத்தானே செய்தாள். ஆனால் முப்பத்தொரு வருசமாக இந்தத் தலையை மேய்த்தவள் அவள் ஒருத்திதான். அதன் குணம் அவளைவிட வேறு ஆருக்குத் தெரியும்? காய்ந்தபின் சீப்பைப் போட்டால் சண்டைக்கு வரும். ஈரத்தோடு விரலால் கோதினால் சொன்னபடி கேட்கும். கேட்டாலும் அதன் தடித்த மொத்தம் குறையாது. அந்த மொத்தத்துக்கு வெட்கப்பட்டுத்தான் அவள் நாள்தோறும் அதை அமுக்கி அமுக்கி வாரினாள். இன்றைக்கு அமுக்கப் போவதில்லை.

"சீப்பை வை, சுஹைரா. அம்மா, தேங்காயெண்ணெய் எடுங்கோ. ஒரு குடம் தண்ணியும் கொண்டு வாங்கோ."

"இன்னும் தண்ணியே?" அம்மா பாத்திரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஓம். நல்லா ஊத்துங்கோ."

சொட்டச் சொட்ட நனைந்த முடியை விரலால் சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, எட்டாகப் பிரித்தாள். சுஹைராவுக்கு எங்கே பிடிப்பது, எங்கே இறுக்குவது என்று சொல்லச் சொல்ல, நாலு கைகள் ஓடின. சடை ஒரு கையின் மொத்தத்துக்கு இறங்கியது. மற்றப் பெண்களுக்கு நாற்பது ஊசி குத்தியும் வழுக்குகிற சடைநாக நகை, இதில் ஆறு ஊசியோடு அசையாமல் இருந்தது. மல்லிகைச் சரம் தானாகவே பிடித்துக்கொண்டது.

"என்ட தொழில்ல இப்பிடி ஒண்ட நான் காணல்ல அக்கா" என்றாள் சுஹைரா.

உப்புவெளி மண்டபத்துக்குள் பூரணி நடந்தபோது, தலையைப் பற்றிக் கதைக்காத வாய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சவுரி என்று ஒருத்தி சொன்னாள். இந்தியாவில் இருந்து எடுப்பித்த சவுரி என்று மற்றவள் திருத்தினாள். பூரணிக்கு எல்லாம் கேட்டது. சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடாக இருந்தது.

தாலி கட்டும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா தோழியாக நின்று விளக்குப் பிடிக்க வேண்டும். தாலிக்கொடியின் திருகுப்பூட்டான சுரை பிடரியில் பூட்டுவது. அதற்குச் சடையையும் தூக்கிக் கொடுக்க வேண்டும். மச்சாள் வலக்கையில் விளக்கை வைத்துக்கொண்டு இடக்கையால் சடையைத் தூக்கினாள். அது வழுக்கி விழுந்தது. திரும்பவும் தூக்கினாள், திரும்பவும் விழுந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது.

"அக்கா, தூக்குங்கோ, சுரை தெரியேல்லை" என்று இராகுலன் பதறினார்.

மச்சாள் விளக்கைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சடையை ஏந்தினாள். கை கனத்துத் தாழ்ந்தது.

"உள்ளுக்கு எத்தினை சவுரி வைச்சிருக்கிறீர்?" என்று காதுக்குள் கேட்டாள்.

சுரை பூட்டுப்படும் சத்தம் கேட்டது. பூரணி தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"ஒரு மயிர்கூட இரவல் இல்லை மச்சாள். கையை விட்டிடாதேங்கோ, நல்லாத் தூக்கிப் பிடியுங்கோ."