குடைத்துணி அங்கி

காரிமங்கலம் சந்தைக்குப் பக்கத்தில் உசேன் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைக்குள் இரண்டு கம்பிகள். ஓராண்டாக யாரும் கேட்டு வராத குடைகள் உள்கம்பியில் தொங்கும். மற்றவை வாசல் கம்பியில். மழை பொய்த்துக்கொண்டே வந்ததில், எண்பத்து மூன்றாம் வருஷம் உள்கம்பியில் இடமில்லை.

தையல்காரியான தங்கை வஹிதா அவற்றைக் கேட்டாள். தருமபுரியில் ஒரு மாதர் மன்றம் நடத்திய உடைப் போட்டிக்குத் தலைப்பு, 'மழைக்கால உடை'.

"மழையே இல்லாத ஊர்ல அத எவ போடுவா?" என்றார் உசேன்.

"அந்த மழை இல்லாததத்தாண்ணா தைக்கப் போறேன்."

கறுப்புத் துணிகளைப் பிரித்து, கழுத்திலிருந்து தரைவரை ஓர் அங்கி தைத்தாள். குடை மாறிப்போகாமலிருக்க அவரவர் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் பேர் எழுதி வைப்பார்கள் அல்லவா, அந்தப் பக்கத்தை வெளியே திருப்பிவிட்டாள். தோள், இடுப்பு, முதுகு எங்கும் பேர்கள். விளிம்பில் கோத்த குடைக்கம்பிகளால் அங்கி விரிந்து நின்றது. மழைக்குக் காத்திருக்கும் ஊரையே ஒருத்தி உடுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. இருபது வருஷம் குடையோடு கிடந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்தார் உசேன்.

போட்டியன்று சிநேகிதி மாதம்மாள் அதை உடுத்தி மேடையேறினாள். கூட்டம் பேர்களை வாய்விட்டுப் படித்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார், காரிமங்கலத்துப் பச்சியப்பன்.

"பாய், நெஞ்சுமேல இருக்கறது என் குடைங்க. போன மாசந்தானே ரிப்பேருக்குக் குடுத்தேன்?"

கூட்டத்திலிருந்து உசேன் முன்னால் வந்தார். அந்தக் குடையை உள்கம்பியில் தவறி மாட்டியது அவர் கைதான்.

"தப்பு என்னுதுங்க. அவளுக்குத் தெரியாது. புதுக்குடையே வாங்கித் தர்றேன்."

நடுவர் லூர்துமேரி டீச்சர் மறுத்துத் தலையசைத்தார். "அவரு சம்மதிக்கணும். இல்லன்னா அந்தத் துண்ட எடுத்துரும்மா. அடுத்தவங்க பொருளப் போட்டியில சேக்க முடியாது."

நடுத்துண்டை எடுத்தால் அங்கியே இரண்டாகும். வஹிதா கத்தரியோடு மேடையேறினாள்.

பச்சியப்பனும் ஏறினார். அங்கியைச் சுற்றிவந்து பார்த்து, ஒரு பேரைக் காட்டினார்.

"இது எங்க பங்காளி தீர்த்தகிரிதானே?"

"ஆமாங்க."

"சென்றாயனுமா?"

"முதுகுல இருக்காருங்க."

"அப்ப என்னைய மட்டும் பிரிச்சுப் போட்டுட்டு தீர்த்தகிரிய மேடையில நிக்க வெப்பியா? கத்தரிய வையும்மா."

டீச்சர் வஹிதாவின் பேரைப் போட்டியில் பதிந்துகொண்டார். பச்சியப்பன் இறங்குவதாக இல்லை. மாதம்மாளை மெதுவாகத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு பேருக்கும் அவர் எந்த வூடு, யார் மகன் என்று கூட்டத்துக்குச் சொல்ல ஆரம்பித்தார்.