குழிபிறைக் கொட்டான்

வயிரவன் செட்டியார் ரங்கூனிலிருந்து கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தது பங்குனிக் கடைசியில். வந்த மறுநாளே குழிபிறையில் பாதி ஊர் அவர் வீட்டு முகப்பில் கூடிவிட்டது. எல்லாருக்கும் பர்மாவில் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. ஒருவருக்கு நெல்வயல், ஒருவருக்கு அரிசி மில், ஒருவருக்கு வராத வட்டி. பர்மா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டு, ரங்கூனுக்குப் பக்கத்திலேயே பீரங்கிச் சத்தம் கேட்கிறதாம். வந்தவர்கள் நிலத்தைப் பற்றிக் கேட்டார்கள். வயிரவன் உதட்டைப் பிதுக்கினார்.

கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த சீதை ஆச்சிதான் வேறொன்றைக் கேட்டாள்.

"புரோம் பக்கத்து ஊர்கள்ல பொம்பளைங்க எப்படி இருக்காங்கண்ணே?"

அந்தப் பக்கத்து ஊர்களை இரண்டு தரப்பும் மாறி மாறி எரித்துவிட்டதாகவும், ஆண்களை யார் யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டதாகவும், பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரங்கூனுக்கு வந்து புத்தர் கோவில் மண்டபங்களில் கிடப்பதாகவும் வயிரவன் சொன்னார். ஒரு மடத்துப் பெண்துறவிகள் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்களாம். கஞ்சிக்கே தட்டுப்பாடாம்.

ரங்கூனுக்கு வடக்கே போகிற அந்தப் புரோம் வழி சீதைக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, அவளும் புருஷன் சொக்கநாதனும் அந்த வழியாகத்தான் இந்தியாவுக்கு நடந்து வந்தார்கள். மலை ஏறுமுன்பே சொக்கநாதனைக் காலரா கொண்டுபோய்விட்டது. காய்ச்சலில் விழுந்த சீதையை, கூட வந்த கூட்டம் ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு நடந்தது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அவளை எடுத்துப் போய்த் தன் குடிசையில் படுக்க வைத்தவள் ஒரு பர்மாக்காரி. அவள் பேர் மா தின். சீதை எழுந்து நடக்கிற வரைக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், அழுக்குத் துணியைக்கூட அவளே அலசினாள். கடைசியில் இன்னொரு கூட்டம் வந்தபோது மலையடிவாரம் வரை கூடவே வந்து வழியனுப்பினாள். சீதை தன் மூக்குத்தியைக் கழற்றி நீட்டியதற்கு அவள் சிரித்துக்கொண்டே சீதையின் கையை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

வயிரவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த சீதை நேரே பரணில் ஏறி, காய வைத்துச் சுருட்டியிருந்த பனங்குருத்தோலையை இறக்கினாள்.

செட்டிநாட்டு வீடுகளில் கொட்டான் என்பது பனையோலைக் கூடை. குருத்தோலையை நறுக்கிச் சாயம் ஏற்றி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, அடியைச் சதுரமாகவும் வாயை வட்டமாகவும் முடைவார்கள். கலியாணத்துக்குக் கலியாணம் கொட்டான் வேண்டும். வெற்றிலை பாக்குக்கு ஒன்று, பலகாரத்துக்கு ஒன்று என்று சம்பந்தி வீட்டுக்குப் போகும். சீதை கை வைத்தால் கொட்டானில் கட்டம் இம்மி பிசகாது. ஆனால் சொக்கநாதன் போனதிலிருந்து அவள் முடைந்த கொட்டானை யாரும் கலியாணத்துக்கு எடுத்ததில்லை. வெள்ளைப் புடவைக்காரி கை பட்டது மங்கல காரியத்துக்கு ஆகாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையாள் ஆச்சியின் நிலைமையும் அதுதான். அவள் புருஷன் பினாங்கில் குண்டு விழுந்து போனவர். சீதை விஷயத்தைச் சொன்னதும் அவள் தன் ஊசியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்து இரண்டாங்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஓலை கொண்டுவருகிற அமிர்தவல்லி, குடியானவத் தெருவைச் சேர்ந்தவள். அவள் புருஷன் ஆண்டியப்பன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். யுத்தத்தில் நடந்து வந்த கூட்டத்தில் புறப்பட்டான் என்று மட்டும் தெரியும், வந்து சேரவில்லை. அமிர்தவல்லி தாலியையும் குங்குமத்தையும் எடுக்கவில்லை. ஊரில் சிலர் அதைக் கேலி பேசுவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். கொட்டான் யாருக்காக என்று தெரிந்ததும், ஓலைக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தயங்கி நின்றாள். சீதை தன் பாயை நகர்த்திப் போட்டு, "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி முடையிறது? உக்காரு" என்றாள்.

நாலாவதாக வந்து சேர்ந்தவள்தான் எல்லாருக்கும் ஆச்சரியம். சீதையின் கொழுந்தனார் அடைக்கப்பனின் மனைவி தனலட்சுமி. எட்டாவது வரை படித்தவள், பூவும் பொட்டுமாக இருக்கிறவள். கைம்பெண்களோடு உட்கார்ந்து முடைய வேண்டிய தலையெழுத்து அவளுக்கு இல்லை. வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். காரணம் எதுவும் சொல்லவில்லை.

கொட்டானை விற்றுப் பணம் அனுப்பப் போகிறார்கள் என்பது காதுக்கு எட்டியதும் அடைக்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. கெட்ட மனுஷர் அல்ல. அண்ணன் மனைவிக்குச் சாப்பாட்டிலும் துணிமணியிலும் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் அந்த ஊரில் கொட்டானைச் சீராகக் கொடுத்ததுண்டு, காசுக்கு விற்றதில்லை.

"அண்ணமிண்டி," என்றார், அண்ணன் மனைவியை அவர்கள் கூப்பிடுகிற முறைப்படி. "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, நான் தர்றேன். நம்ம வீட்டுப் பொம்பளைங்க சந்தையில உக்காந்து கொட்டான் வித்தாங்கங்கிற பேரு மட்டும் வேணாம்."

"நீங்க குடுத்தா அது நீங்க குடுத்த தர்மம், தம்பி. நான் கஞ்சி குடிச்ச கடன் எனக்கில்ல இருக்கு?"

அடைக்கப்பன் மனைவி பக்கம் திரும்பினார். தனலட்சுமி தலை நிமிராமல் ஓலை கோத்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பின் பல நாட்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று.

வைகாசித் திருவிழாவுக்குத் திருமயத்தில் கடை போட்டார்கள். கடை என்ன கடை, தெருவோரம் ஒரு ஜமுக்காளம், அதன்மேல் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கொட்டான்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், மகள் கலியாணத்துக்கென்று சொல்லிப் பாதிக் கடையை ஒதுக்கச் சொன்னாள். வேலைப்பாட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் ஜமுக்காளத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் புடவைகளைக் கவனித்தாள்.

"யாரு முடைஞ்சது?"

"நாங்கதான்" என்றாள் ஆவுடையாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கையிலிருந்த கொட்டானை மெல்ல ஜமுக்காளத்தில் வைத்தாள். வைத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். அன்று முழுக்க ஒரு கொட்டான்கூடப் போகவில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது ஆவுடையாள் அழுதாள். இந்த வயதில் இந்த அவமானம் தேவையா, அடைக்கப்பன் தருவதை வாங்கி அனுப்பிவிடலாமே என்றாள். தனலட்சுமி ஒரு யோசனை சொன்னாள். தான் மட்டும் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன், மற்றவர்கள் வீட்டிலிருந்தே முடைந்து கொடுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். சீதைக்கும் ஒரு கணம் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் அப்படி மறைந்து உட்கார்ந்து சம்பாதித்த காசை, வீடு எரிந்து நடுத்தெருவில் நிற்கிற ஒரு பெண்ணின் கையில் வைப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மா தின் தன் குடிசையில் எதையும் மறைத்துச் செய்யவில்லை. ஊர்க்காரர்கள் திட்டியபோதுகூட வாசலிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினாள்.

"அவங்க கேட்டு நாம சொன்னதாலதான் அது குத்தமாப் போச்சு" என்றாள் சீதை. "இனிமே கேக்குறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிருவோம்."

ஆடிப்பூரத்துக்குத் திருக்கோகர்ணத்தில் கூட்டம் அலைமோதும். அந்தக் கடைத்தெருவில், வளையல் கடைகளுக்கு நடுவே, இரண்டு மூங்கில் நட்டுத் தனலட்சுமி எழுதிய பலகையைக் கட்டினார்கள். எழுத்து முழ உயரம் இருந்தது. "பர்மாவில் சண்டையில் வீடு இழந்த பெண்களுக்காக, குழிபிறைக் கைம்பெண்கள் முடைந்த கொட்டான்." தானும் கைம்பெண் என்று ஆகிவிடுமே என்று அமிர்தவல்லி மட்டும் அதைப் பார்த்து முகம் வாடினாள். தனலட்சுமி உடனே பலகையை இறக்கி, 'கைம்பெண்களும் மற்றவர்களும்' என்று இடுக்கி எழுதிச் சேர்த்தாள். பலகைக்குக் கீழே நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் முடைய ஆரம்பித்தார்கள்.

காலை முழுக்க ஆட்கள் பலகையைப் படித்துவிட்டு விலகித்தான் போனார்கள். சிலர் சிரித்தார்கள். சீதை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து முடைந்துகொண்டே இருந்தாள்.

உச்சிப்பொழுதுக்கு மேல் ஒரு பெண் வந்து நின்றாள். கறுத்து மெலிந்த உடம்பு, காலில் உப்பு ஊறிக் காய்ந்த பித்தவெடிப்பு. எழுத்துத் தெரியாது போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பர்மா என்ற சொல் காதில் விழுந்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடலோரத்து மீமிசல்காரி, பேர் சொர்ணவல்லி என்றாள். புருஷன் ரங்கூனில் படகு ஓட்டியவன். யுத்தத்தில் அவர்களும் நடந்துதான் வந்திருக்கிறார்கள். மூத்த மகளுக்கு ஆவணியில் கலியாணம், தாம்பூலத்துக்குக் கொட்டான் வேண்டும் என்றாள்.

சீதை முடைவதை நிறுத்தினாள். "ஆத்தா, இது கலியாணத்துக்கு எடுக்குறதில்ல. நாங்க தாலி அறுத்தவங்க. பலகையிலயும் அதைத்தான் எழுதியிருக்கோம்."

"படிச்சதைக் கேட்டுட்டுத்தான் ஒக்காந்தேன் ஆச்சி" என்றாள் சொர்ணவல்லி. "வழியில எம்மக நாக்கு வறண்டு சாகக் கெடந்தா. வாயில தண்ணி ஊத்துனவ ஒரு பர்மாக்காரி. அவ தாலி கட்டுனவளா அறுத்தவளான்னு நான் கேக்கல. இந்தக் கொட்டான்லதான் எம்மகளுக்கு வெத்தலை வைப்பேன்."

சொர்ணவல்லி பொறுக்கி எடுத்தாள். சிவப்பில் பெரியது, பச்சையில் இரண்டு. மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோவில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் அந்தத் திருவிழாக் கூட்டத்துக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. கறம்பக்குடியிலிருந்து மாடு பிடிக்க வந்த ஒருவர், கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்கிறவர், ரங்கூனில் ரிக்‌ஷா இழுத்த கிழவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஜமுக்காளத்தின் முன்னால் உட்கார்ந்து தாங்கள் நடந்த வழியைச் சொன்னார்கள். சிலர் பர்மா பாஷையில் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துக்கொண்டார்கள். அமிர்தவல்லி ஒவ்வொருவரிடமும் ஆண்டியப்பனைப் பற்றி விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் மறுபடி ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஜமுக்காளம் காலியாக இருந்தது. பாதியில் நின்ற கொட்டானைக்கூட ஒருவர் முடிக்கச் சொல்லி, காத்திருந்து வாங்கிப் போனார்.

ஐப்பசியில் வயிரவன் மறுபடி கப்பலேறும்போது பணம் அவரோடு போயிற்று. ஒரு கொட்டானும் போயிற்று. கஞ்சிக்கு மட்டும் செலவழித்துவிடாமல், அந்தப் பெண்கள் தங்கள் காலில் நிற்கிற மாதிரி ஏதாவது செய்யும்படி சீதை சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் ரங்கூனில் தையல் மிஷின்கள் வாங்கி அந்த மடத்தில் கொண்டுபோய் இறக்கினார்.

மறு வருஷம் ஆனியில் ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குப் போகுமுன்பே அடைக்கப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு பெண்களையும் கூப்பிடச் சொன்னார். மடத்தில் வந்து தங்கியிருந்த அந்தப் பெண்கள் முதலில் மிஷினைத் தொடவே இல்லையாம். செட்டியார் கொண்டுவந்தது என்றதும் முகம் சுருங்கிவிட்டதாம். அங்கே செட்டியார் என்றால் வட்டி, வட்டி என்றால் வயல் போவது. அவர்களில் ஒருத்தி எழுந்து, இதற்கு வட்டி எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கு அப்படியே நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு" என்றார் வயிரவன். "வட்டியும் கெடையாது, அசலும் கெடையாது, எங்க ஊர்ப் பொம்பளைங்க ஓலை முடைஞ்சு அனுப்புனதுன்னு சொல்லி அந்தக் கொட்டானை எடுத்துக் காட்டினேன். கை மாத்திக் கை மாத்திப் பாத்தாங்க. அப்புறம் உங்க பேரையெல்லாம் கேட்டாங்க. நாலு பேரு பேரையும் சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. ஆவுடையாள்ங்கிறதுதான் அவங்க வாயில நுழையல."

ஆவுடையாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது அந்த மடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறார்கள், கூலி அவர்கள் கைக்கே போகிறது என்று வயிரவன் சொல்லி முடித்தார். சீதை தன் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஓலை கிழித்த தழும்புகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கைகள் அவளுக்கு அழகாகத் தெரிந்தன.

அந்த வாரம் செட்டியார்களின் நகரக் கோவிலில் நாலு பேர் கூடியிருந்த இடத்தில், கொட்டான் விற்கிற வீடு எது என்று ஒருவர் குத்தலாகக் கேட்டாராம். அடைக்கப்பன் எழுந்து நின்று, "எங்க வீடுதான். ரங்கூன்ல போய்ச் செட்டியார்னு சொல்லிப் பாருங்க, எங்க வீட்டுப் பொம்பளைங்களாலதான் இன்னிக்கு உக்காரச் சொல்லுவாங்க" என்றாராம். இதைத் தனலட்சுமிதான் வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆடி பிறந்தபோது பத்திரிகைகளில் வேறொரு யுத்தம் வந்திருந்தது. கொரியா என்று ஒரு தேசமாம். தனலட்சுமி படித்துக் காட்டினாள். ரோடு நிறையப் பெண்கள், தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. செஞ்சிலுவைச் சங்கம் மூலமாகப் பணம் அனுப்பலாமாம். அது எங்கிட்டு இருக்கிறது என்று அமிர்தவல்லி கேட்டதற்கு, தனலட்சுமிக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பர்மாவுக்கும் அங்கிட்டு, சப்பானுக்குப் பக்கத்தில் என்று மட்டும் சொன்னாள்.

"நடக்குறவங்களுக்கு எல்லாம் ஒரே வழிதான்" என்று சொல்லிக்கொண்டே சீதை சாயச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

இந்தத் தடவை நாலு பேர் போதவில்லை. திருக்கோகர்ணத்துக்குப் போக அடைக்கப்பனே இரண்டு வண்டி பேசிவிட்டார். ஊரில் இன்னும் ஐந்தாறு பெண்கள், வெள்ளைப் புடவையும் சாயப் புடவையுமாக, அவரவர் கத்தியோடு வந்து ஏறிக்கொண்டார்கள்.