பச்சை பூத்த பேட்டரிகள்

எங்கள் பள்ளிக்கு அந்தப் பெட்டிகள் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மணிலாவில் இருக்கும் ஓர் அறக்கட்டளை அனுப்பியது. உள்ளே மோட்டார், சென்சார், ஒயர் எல்லாம் இருப்பதாக வெளியே படம் போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பதை யாரும் பார்த்ததில்லை. தலைமை ஆசிரியை ஆப்ரெனிகா மேடம் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அரசாங்கப் பள்ளிக்கு வரும் பொருளுக்கு யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர்தான் பொறுப்பு. முன்பு ஒரு மைக்ரோஸ்கோப் காணாமல் போனபோது அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அதிலிருந்து புதிதாக எது வந்தாலும் நேரே அலமாரிக்குத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் நான் நடத்தும் அறிவியல் மன்றத்தில் பிள்ளைகள் அட்டையில் மோட்டார் வரைந்து, நூலை ஒயர் என்று வைத்துக் கட்டினார்கள். நானும் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை ஓய்ந்துபோனேன்.

"எங்க வீட்டைவிட அந்தப் பெட்டிங்களுக்குத்தான் நல்ல ரூமு மேடம்" என்பாள் ரோவெலின்.

அவள் பத்தாம் வகுப்பு. விடியற்காலையில் சித்தியோடு எங்கள் ஊர் ஜெனரல் சாண்டோஸ் துறைமுகத்தில் சூரை மீனுக்குக் குடல் எடுத்துவிட்டு வகுப்புக்கு வருவாள். அறக்கட்டளை ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருவரை மணிலாவில் தங்கவைத்து மேலே தொழில்நுட்பம் படிக்கவைக்கும். ஒரே நிபந்தனை, அந்தப் பெட்டிகளோடு ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் படிப்பு பத்தோடு சரி, அப்புறம் நாள் முழுக்கத் துறைமுகம்தான் என்று சித்தி சொல்லிவிட்டாள்.

அறக்கட்டளையிலிருந்து பார்வையிட ஆள் வருகிறார் என்று தகவல் வந்ததும் பள்ளியே நடனப் பயிற்சியில் இறங்கியது. பேனர், மாலை, பெரிய தட்டில் பன்சிட் நூடுல்ஸ்.

"பெட்டியத் திறந்து விடுங்க மேடம். பிள்ளைங்க எதையாவது செஞ்சு காட்டணும்ல?" என்று போய் நின்றேன்.

"முதல்ல டான்ஸ் ஒழுங்கா வரட்டும், நேனிதா. வர்றவர் மனசு குளிர்ந்தா மத்ததெல்லாம் தானா நடக்கும்."

அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் அலமாரி திறந்தது. "பிளாஸ்டிக்கக் கிழிச்சுடாதீங்க. பிளேடால ஓரமா அறுங்க, திரும்ப ஒட்டணும்" என்றார் ஆப்ரெனிகா மேடம்.

அறுத்தோம். பேட்டரிகள் உள்ளேயே ஒழுகி, தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. அடுத்த பெட்டியும் அப்படியே. அத்தனையும் அப்படியே.

ஆப்ரெனிகா மேடம் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்?"

"ரொம்பப் பத்திரம் மேடம். காத்துகூடப் படல" என்றாள் ரோவெலின். யாரும் சிரிக்கவில்லை.

கேன்டீனில் மாங்காய்க்கு ஊற்றுகிற வினிகரை வாங்கி வந்து துடைத்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள். தேறாத பெட்டிகளிலிருந்து தேறியதைப் பிடுங்கி மாட்டினாள். கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் ஒரு கருவி உயிர்பெற்றது. மீன் பெட்டியில் ஐஸ் உருகிச் சூடு ஏறினால் அது கத்தும். சில சமயம் ஐஸ் இருக்கும்போதே கத்தியது.

மறுநாள் வந்தவர் சுமிலாங் என்ற இன்ஜினியர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடனம் பார்த்தார், மாலை வாங்கிக்கொண்டார், பேச்சுகளைக் கேட்டார், கொட்டாவியை விழுங்கினார். கருவிக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. ரோவெலின் சென்சாரை ஐஸிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாள். கருவி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கத்தியது.

அவர் கருவியைத் திருப்பி, தகட்டின் ஓரத்தில் மிச்சமிருந்த பச்சையை நகத்தால் சுரண்டினார்.

"இந்த மாசம் போன ஸ்கூல்லெல்லாம் இதே பச்சைதான்." குரலில் கோபம்கூட இல்லை. "இந்தப் பொண்ணு ஒரு வருஷம் வேலை செஞ்சிருக்கா? ஆமான்னா இப்பவே பேரை எழுதிக்கிறேன். நான் எதையும் தோண்டப்போறதில்ல."

"ஆமா சார்! புதன்கிழமை தவறினதே இல்ல!" என்றார் ஆப்ரெனிகா மேடம்.

சுமிலாங் என்னைப் பார்த்தார். துறைமுகத்தில் ஐஸ் பாளம் சுமந்தவரின் மகள் நான். ஒரு பொய்யால் ஒரு பெண் அந்த ஈரத்தரையிலிருந்து தப்புவாள் என்றால் எனக்கு வாய் கூசாது.

"ஆமா சார், ஒரு வருஷம்" என்றேன்.

"இல்ல சார், நேத்துதான்" என்றாள் ரோவெலின்.

அவளை ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

"ஒரு வருஷம் என் கையில இருந்திருந்தா இவ்வளவு மோசமாவா செஞ்சிருப்பேன்? ஐஸ்ல இருக்கும்போதே கத்துது சார் இது. இதப் போய் ஒரு வருஷ வேலைன்னு எழுதுவீங்களா?"

சுமிலாங் சிரித்துவிட்டார். பிறகு பேனாவை மூடினார். "காதுல வாங்கினப்புறம் நான் எப்படிம்மா எழுதறது?" நின்றபடியே இரண்டு வாய் பன்சிட் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். இடம் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போயிற்று.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனபோது அவளைப் பார்த்தேன். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ரத்தம்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா, என்னால ஆனதே அவ்வளவுதான்னு அவர் நெனச்சிருப்பாரு மேடம்." அடுத்த மீனை இழுத்துப் போட்டாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்."

தள்ளி நின்றேன்.