மாடி வீட்டு சார் கேட்கும் செய்தி

ஏழு மணிச் செய்தி முடிந்ததும் அப்பா ரேடியோவைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

"கேட்டீங்கல்ல? மில் கிடங்குல சின்னத் தீதானாம். எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டாங்களாம். இனிமே யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது."

"அப்ப அண்ணன் எங்கப்பா?" என்றாள் சின்னவள். அண்ணன் அந்தக் கிடங்கில்தான் மூட்டை தூக்குகிறான். சாயங்காலமே வர வேண்டியவன், போனையும் எடுக்கவில்லை.

"எங்கயாவது நின்னு வேடிக்கை பாத்துட்டிருப்பான்."

"அந்த இன்னொரு ஸ்டேஷன்ல, உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்கன்னு..."

"அந்தக் கரகரப்பா? விளம்பரத்துக்கு நடுவுல செய்தி சொல்றவனை நம்பச் சொல்றியா? இது நம்ம மாடி வீட்டு சார் படிச்ச செய்திடி. தினம் நம்ம வாசலைத் தாண்டிப் போறவரு நம்மகிட்டயே பொய் சொல்வாரா?"

அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் அதே கணக்குதான். சார் குரலில் வந்தால் வேதவாக்கு. சின்னவள் தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. அம்மா சாமி படத்தையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள்.

சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் மேலே போன கொஞ்ச நேரத்தில் அவளும் படியேறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதே கரகரப்பு. 'கிடங்கில் இன்னும் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள். உறவினர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவும்...' சார் சாப்பாட்டுத் தட்டை மறந்து அதில் காதை வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் பாய்ந்து ரேடியோவை அணைத்தார்.

"எங்களுக்கு ஒண்ணு படிச்சிட்டு, நீங்க இதைக் கேக்கறீங்களா சார்?"

"மில் ஆபீஸ்ல இருந்து வந்த தாள்மா. கையில குடுத்ததைப் படிக்கிறதுதான் என் வேலை."

"படிக்கும்போது தொண்டை அடைக்கலையா? எங்க அண்ணன் உள்ள இருக்கான். உங்க பீரோவை மாடிக்கு ஏத்தினது அவன் முதுகு சார்!"

"அவனுக்கு இன்னைக்கு லீவுன்னு நெனச்சேன்மா..."

"அவனுக்கு லீவுன்னா பொய்யைப் படிக்கலாமா?"

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "கீழ வாங்க. எங்கப்பாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அவர் காதுல ஏறாது."

"வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்மா."

"போகட்டும்!"

கழுவாத கையோடு அவர் இறங்கி வந்தார். அப்பா பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார். உட்காராமலே சார் சொன்னார்: "உள்ள ஆளுங்க இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

செய்தி படிக்கிற அதே குரல். அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, "சாரே சொல்லிட்டாரு, கிளம்புங்க கிளம்புங்க!" என்று கத்தினார்.

சின்னவள் முதல் ஆளாக வெளியே வந்தாள். படிக்கட்டில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி ஆச்சு? சார் என்ன சொன்னாரு?"

"சொன்னதை விடுங்கக்கா. அவர் வீட்டு ரேடியோல எந்த ஸ்டேஷன் ஓடுதுன்னு போய்ப் பாருங்க!"

"பெரியவங்ககிட்ட மரியாதையா பேசுடி" என்றார் பின்னால் வந்த அப்பா.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படிகளைத் தாவித் தாவி, அவருக்கு முன்னால் தெருவுக்கு ஓடினாள்.